சிறுமியின் துணிவும் பெரியோர் கடனும்

பிள்ளைகள் கற்க வேண்டியவர்கள். போராட வேண்டியவர்கள் அல்லர். இஃது எந்நாட்டாரும் எச்சமயத்தாரும் ஒப்புக்கொள்ளும் கொள்கை. ஆயினும், கற்பதற்காகவே போராட வேண்டிய நிலை ஒரு பிள்ளைக்கு நேருமாயின், அப்பிள்ளை செய்யத்தக்கது யாது? அப்பிள்ளையைச் சூழ்ந்துள்ள பெரியோர் செய்யத்தக்கது யாது? இவ்விரண்டு வினாக்களும் பௌத்தர்களாகிய நாம் நின்று ஆராயத்தக்கவை. ஏனெனில், தலைமுறை தலைமுறையாகக் கல்வி மறுக்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் நாம். அம்மறுப்பை எதிர்த்து நம் முன்னோர் எழுந்ததன் பயனாகவே தம்மத்தின் நிழலை அடைந்தவர்கள் நாம்.

இவ்வாராய்ச்சிக்கு எடுத்துக்காட்டாக, நம் காலத்தில் உலகமறிய நிகழ்ந்த ஒரு செய்தியை எடுத்துக்கொள்வோம். அது நிகழ்ந்த இடமும் பௌத்தர்களுக்கு அயலான இடமன்று.

உத்தியான நாடு

பாகிஸ்தானத்தின் வடமேற்கில், இந்துகுஷ் மலைகளின் இடையே சுவாத் என்னும் ஆற்றுப் பள்ளத்தாக்கு உள்ளது. உத்தியானம் என்று பழைய பௌத்த நூல்கள் கூறும் நாடு இதுவே. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீன யாத்திரிகரான பாஹியான் இதன் வழியே வந்தார். ஏழாம் நூற்றாண்டில் வந்த யுவான் சுவாங், முற்காலத்தில் இவ்வாற்றின் இரு மருங்கிலும் 1400 சங்காராமங்கள் இருந்தன என்றும், தம் காலத்தில் அவற்றுள் பல பாழ்பட்டுக் கிடந்தன என்றும் எழுதிவைத்தார். இப்பள்ளத்தாக்கின் பெருநகரான மிங்கோராவை அடுத்துள்ள புட்காரா என்னுமிடத்தில் பழம்பெரும் தூபி ஒன்று உளது. பாபாசாகேப் அம்பேத்கர் நாகபுரியில் தம்ம தீட்சை பெற்ற அதே 1956-ஆம் ஆண்டில்தான் இத்தாலிய ஆராய்ச்சியாளர் அதனை அகழத் தொடங்கினர்.

அப்பள்ளத்தாக்கில் ஜஹானாபாத் என்னுமிடத்தில், ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டில் பாறையிற் செதுக்கப்பெற்ற, தியானத்தில் அமர்ந்த பகவானுடைய பேருருவம் ஒன்றும் உண்டு. பன்னூறு ஆண்டுகள் மழையும் வெயிலும் அதற்குத் தீங்கு செய்யவில்லை. அதனைச் சுற்றி வாழ்ந்த முஸ்லிம் குடியானவர்களும் தீங்கு செய்யவில்லை. 2007 செப்டம்பர் மாதத்தில் தாலிபான் படையினர் பாறையைத் துளையிட்டு வெடிமருந்து வைத்து அவ்வுருவின் முகத்தைச் சிதைத்தனர்.

அதே கூட்டத்தார் அதே காலத்தில் வேறொரு காரியத்திலும் ஈடுபட்டிருந்தனர். அவர்களுடைய தலைவனாகிய பஸ்லுல்லா இரவுதோறும் வானொலியிற் பேசி, பெண்பிள்ளைகள் கற்றலைப் பாவமென்று பழித்தான். பள்ளிக்குச் செல்வதை நிறுத்திய சிறுமியரைப் பெயர் குறித்துப் பாராட்டினான். நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகள் தகர்க்கப்பட்டன. 2009 ஜனவரி 15-ஆம் நாளுக்குப் பின் எந்தப் பெண்பிள்ளையும் பள்ளிக்குச் செல்லலாகாது என்று 2008-ஆம் ஆண்டின் இறுதியில் ஆணை பிறந்தது.

பகவானுடைய முகத்தைச் சிதைத்தவர்களே சிறுமியின் புத்தகத்தையும் பறித்தது தற்செயல் நிகழ்ச்சியா? அன்று என்பதே என் துணிபு. 2001 மார்ச்சு மாதத்தில் ஆப்கானிஸ்தானத்து பாமியானில் இரு பேருருவங்களைத் தகர்த்த ஆட்சியாளரும் பெண்கள் பாடசாலைகளை மூடியவர்களே. அச்சத்தைக் கொண்டு மக்களை ஆள விரும்புவோர்க்கு, அமைதியாகச் சிந்தித்திருக்கும் முகம் கல்லில் இருப்பினும் பொறாது. சிறுமியின் தோளின்மேல் இருப்பினும் பொறாது.

வேற்றுரு

மிங்கோராவில் சியாவுத்தீன் யூசுப்சாய் என்பார் ஒரு பாடசாலையை நடத்திவந்தார். அவருடைய மகள் மலாலா 1997 ஜூலை 12-ஆம் நாள் பிறந்தவள். தடையாணை வந்தபோது அவளுக்கு வயது பதினொன்று. பி.பி.சி. நிறுவனத்தின் உருது இணையதளம், அந்நாட்களில் சுவாத்தில் ஒரு மாணவியின் வாழ்க்கை எவ்வாறு உள்ளது என்பதை நாட்குறிப்பாக எழுதித்தரும்படி கேட்டது. உயிருக்கு அஞ்சி மற்றவர் பின்வாங்கிய அப்பணியை இச்சிறுமி ஏற்றாள். தன் பெயரை மறைத்து, குல் மகாய் என்னும் புனைபெயரில் எழுதினாள். 2009 ஜனவரி 3-ஆம் நாளுக்குரிய முதற்குறிப்பில் தன் அச்சத்தையே எழுதினாள். வகுப்பில் 27 மாணவியருள் 11 பேரே அன்று வந்திருந்தனர் என்றும் குறித்தாள். அக்குறிப்பிலே வீரவசனம் ஒன்றும் இல்லை. அஞ்சிக்கொண்டே பள்ளிக்குச் சென்ற ஒரு பிள்ளையின் கணக்கு அது.

பள்ளிச் சீருடை பகைவர்க்கு அடையாளமாகும் என்று ஆசிரியர்கள் அஞ்சினமையால், வீட்டில் உடுக்கும் ஆடையுடனே வரும்படி சிறுமியர்க்குச் சொல்லப்பட்டது. பின்னர், அவ்வாடையும் கண்ணைக் கவரும் நிறமுடையதாக இருத்தலாகாது என்றனர். புத்தகங்களைப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டு அப்பிள்ளைகள் தெருவிற் சென்றனர்.

இச்செய்தியைப் படிக்கும் தமிழ்ப் பௌத்தர்களுக்கு நம் மணிமேகலை நினைவுக்கு வராமற் போகாள். நீ இளம்பெண், ஆதலின் சமயவாதிகள் உனக்குத் தத்தம் நூற்பொருளை உரைக்கமாட்டார்கள் என்று எச்சரித்தே மணிமேகலா தெய்வம் அவளுக்கு வேற்றுரு எய்தும் மந்திரத்தை அருளிற்று. வஞ்சி நகரிலே முனிவன் வடிவு கொண்டுதான் அவள் சமயக் கணக்கர்களின் வாதங்களைக் கேட்டாள். கற்க விரும்பிய பெண் தன் உருவை மறைக்க வேண்டியிருந்தது என்பதை நம் காப்பியமே ஒளிவின்றிக் கூறுகின்றது. ஆயின் அக்காப்பியம் அங்கே முடியவில்லை. காஞ்சியில் அறவண அடிகளை அடைந்தபோது, அந்த வேற்றுருவைப் போலவே அச்சமயங்களையும் உள்ளத்திற் கொள்ளாது விட்டதாகச் சொல்லி, மெய்ப்பொருளை அருளும்படி வேண்டுகிறாள். அடிகள் அவள் பெண் என்பதையோ இளையள் என்பதையோ தடையாகக் கொள்ளவில்லை. அளவைகளிலிருந்து தொடங்கிப் பன்னிரு நிதானங்கள் ஈறாக முழுவதையும் கற்பித்தார். பெண்ணொருத்தி வேற்றுருவின்றி அமர்ந்து கற்கக்கூடிய இடமே அறத்தின் இடம் என்பது இதனால் பெறப்படும்.

பிள்ளை போராடலாமா?

நிற்க. 2012 அக்டோபர் 9-ஆம் நாள், தேர்வு எழுதிவிட்டுப் பள்ளி வண்டியில் வீடு திரும்பிக்கொண்டிருந்த மலாலாவைத் தாலிபானைச் சேர்ந்த ஒருவன் பெயர் கேட்டுச் சுட்டான். உடனிருந்த இரு மாணவியரும் காயமுற்றனர். குண்டு அவள் தலையிற் பாய்ந்தது. முதலில் பெஷாவரிலும், பின்னர் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகர மருத்துவமனையிலும் சிகிச்சை பெற்று அவள் உயிர் பிழைத்தாள். அப்போது அவளுக்கு வயது பதினைந்து.

அறிவுடையோர் சிலர் ஈண்டு ஓர் ஆட்சேபம் எழுப்புவர். சிறுமியைப் பேசவிட்டதே தவறன்றோ? தந்தை தன் கொள்கைக்காக மகளை முன்னிறுத்தினார் அன்றோ? போராட்டம் வளர்ந்தவர்களுடைய காரியம். பிள்ளையைக் காப்பதே பெற்றோரின் முதற்கடமை என்பர். இவ்வாட்சேபத்தைப் புறந்தள்ளுதல் நேர்மையன்று. பிள்ளைகளைக் கூட்டத்தின் முன்வரிசையில் நிறுத்தி, அவர்கள்மேல் விழும் அடியைத் தம் கட்சிக்குப் புகழாக்கிக்கொள்ளும் தலைவர்களை எல்லா நாடுகளிலும் காண்கிறோம். ஆகலின் இரண்டையும் பிரித்தறிய ஓர் அளவுகோல் வேண்டும்.

அவ்வளவுகோல் பிடகத்திலே உள்ளது. சிறுவனாகிய இராகுலனுக்குப் பகவான் உபதேசித்தபோது, கண்ணாடியில் முகத்தைப் பார்ப்பதுபோல ஒவ்வொரு செயலையும் செய்யுமுன்னும், செய்யும்போதும், செய்தபின்னும் பார்க்கும்படி கற்பித்தார். இச்செயல் எனக்குத் துன்பம் தருமா, பிறர்க்குத் தருமா, இருவர்க்கும் தருமா என்று ஆராயச் சொன்னார். இப்போதனை கற்றுத் தேர்ந்த பெரியோர்க்குச் சொல்லப்பட்டதன்று. ஒரு பாலகனுக்குச் சொல்லப்பட்டது. தன் செயலைத் தானே ஆராயும் தகுதி பிள்ளைக்கும் உண்டு என்று ததாகதர் கருதினார் என்பது இதனால் விளங்குகின்றது.

இவ்வளவுகோலைக் கொண்டு பார்ப்போம். ஒரு சிறுமி பள்ளிக்குச் செல்வதாலும், அதனை எழுதுவதாலும், எனக்குக் கற்க உரிமையுண்டு என்று சொல்வதாலும் யார்க்குத் துன்பம்? அச்செயலில் ஒருவர்க்கும் துன்பமில்லை. துன்பம் பிறந்தது துப்பாக்கி பிடித்தவனுடைய சேதனையில். கருமம் என்பது சேதனையே என்பது பகவானுடைய தீர்ப்பு. சுட்டவனுடைய கருமத்தைச் சிறுமியின் கணக்கிலோ தந்தையின் கணக்கிலோ எழுதுவது நீதியாகாது. அன்றியும், அத்தந்தை வீட்டில் மறைந்திருந்து மகளை அனுப்பியவர் அல்லர். அவரே தம் பெயரால் வெளிப்படப் பேசி மிரட்டல்களைப் பெற்றவர். இலக்காவார் தாமே என்று எண்ணியிருந்தவர். பெரியோர் தாமும் அதே அபாயத்தில் நிற்கிறாரா, அல்லது பிள்ளையைக் கேடயமாக்கித் தாம் பின்னே நிற்கிறாரா என்று பார்த்தால், பிள்ளைக்குத் துணைநிற்பவரையும் பிள்ளையைப் பயன்படுத்துவோரையும் வேறுபடுத்தி அறியலாம்.

ஆயினும், இவ்வளவு சொன்ன பின்னும் உள்ளத்தில் ஒரு பாரம் எஞ்சுகின்றது. அவளை அடக்கியிருந்தால் அவள் உடலுக்கு ஊறு நேர்ந்திராது. ஆனால் கொடியோன் விரும்பியதைப் பெற்றோரே செய்து முடித்தவராவர். அவளைப் பேசவிட்டமையால் அவள் குண்டடி பட்டாள். இவ்விரண்டு வழிகளிலும் துன்பமற்ற வழி எதுவுமில்லை. இத்தகைய நெருக்கடியில் ஒரு தந்தையை நிறுத்தியவர் யார் என்று கேட்பதே முறை. வானொலி மிரட்டியபோது வாளாவிருந்த ஊரார், பாடசாலைகள் எரிந்தபோது காலம் தாழ்த்திய அரசினர், ஒரு பள்ளத்தாக்குத்தானே என்று பாராமுகமாயிருந்த உலகத்தார் ஆகிய பெரியோர் யாவரும் தத்தம் பங்கைச் செலுத்தாமையால், அக்கடன் முழுவதும் ஒரு சிறுமியின் தலைமேல் இறங்கிற்று.

புகழுரை கடனைத் தீர்க்காது

பின்னர் நிகழ்ந்தவை யாவரும் அறிந்தவை. 2013 ஜூலை 12-ஆம் நாள், தன் பதினாறாம் பிறந்தநாளில், ஐக்கிய நாடுகள் மன்றத்தில் மலாலா பேசினாள். தன்னைச் சுட்டவன் தன் முன்னே நின்று, தன் கையிலே துப்பாக்கி இருப்பினும், தான் அவனைச் சுடமாட்டாள் என்றாள். அக்கருணையைத் தான் கற்றது முகம்மது நபியிடமும் ஏசு கிறிஸ்துவிடமும் பகவான் புத்தரிடமும் என்று அவள் பெயர் குறித்துச் சொன்னாள். உத்தியான நாட்டிலே பிறந்த ஒரு முஸ்லிம் சிறுமியின் வாயிலிருந்து பகவானுடைய திருநாமம் உலக மன்றத்தில் ஒலித்தது. 2014-ல் இந்தியாவின் கைலாஷ் சத்யார்த்தியுடன் நோபல் சமாதானப் பரிசு அவளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. பதினேழு வயதில் அப்பரிசைப் பெற்ற அவளே, அதனைப் பெற்றோருள் மிக இளையவள்.

இதனைக் கொண்டு இஸ்லாத்தைப் பழிக்க முற்படுவார் நம்மவருள் உளராயின், அவர்கள் இச்சரித்திரத்தைச் சரியாகப் படிக்கவில்லை என்பேன். சுட்டவனும் முஸ்லிம்; சுடப்பட்டவளும் முஸ்லிம்; அறிவைத் தேடுதல் தன் சமயம் இட்ட கடமையென்று வாதித்தவளும் அவளே. பௌத்த நாடுகளிலும் பிக்குணி சங்கம் நலிந்து, தேரவாத மரபில் பல நூற்றாண்டுகள் அற்றுக் கிடந்தது. 1996-ல் சாரநாத்தில் இலங்கைப் பெண்டிர் சிலர் உபசம்பதை பெற்ற பின்னும், அதனை ஏற்காத பிக்குகள் பலர் உளர். ஆகவே பிறர் வீட்டுத் தூசியைக் காட்டி நம் வீட்டுத் தூசியை மறைக்க இயலாது.

நிற்க. உலகம் அச்சிறுமியை மெச்சியது. மன்னர்களும் மந்திரிகளும் அவளோடு நின்று படம் பிடித்துக்கொண்டனர். ஆனால் 2021 ஆகஸ்டில் ஆப்கானிஸ்தானம் மறுபடியும் தாலிபான் வசமாயிற்று. ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்பிள்ளைகளின் படிப்பு நிறுத்தப்பட்டது. 2022 மார்ச்சு 23-ஆம் நாள் பாடசாலைகள் திறக்கப்படும் என்று நம்பிப் புத்தகப்பையுடன் வந்த சிறுமியர், அன்றே கண்ணீருடன் திருப்பி அனுப்பப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பரில் பெண்களுக்குப் பல்கலைக்கழகமும் மூடப்பட்டது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்பிள்ளைகள் கல்வியிழந்தனர். காபூல் தெருக்களில் அதனை எதிர்த்துக் குரல் எழுப்பியவர்களும் பெரும்பாலும் இளம்பெண்களே. ஒரு சிறுமிக்குப் பரிசளித்த உலகம், இத்தனை இலட்சம் சிறுமியர்க்குக் கதவைத் திறந்துவிட இயலாமல் நின்றது.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய உண்மை இதுவே. பிள்ளையின் துணிவைப் பாராட்டுவது எளிது. அத்துணிவு தேவைப்படாத உலகை அமைப்பது அரிது. பெரியோர் பலகால் எளிதைச் செய்துவிட்டு அரிதைச் செய்துவிட்டதாக மனநிறைவு கொள்கின்றனர். போராடும் பிள்ளைக்குச் செலுத்தத்தக்க உண்மையான மரியாதை, அவள் சுமக்கும் சுமையை வாங்கித் தன் தோளில் ஏற்றிக்கொள்வதே.

ஆனந்தர் செய்த பணி

இளையோரை இளையோர் என்று இகழலாகாது என்பதைக் கோசலத்து மன்னன் பசேனதிக்குப் பகவான் உணர்த்தினார். இளவரசன், பாம்பு, நெருப்பு, பிக்கு ஆகிய நான்கும் சிறிதாயினும் இகழத்தக்கன அல்ல என்றார். அதே மன்னன் தனக்குப் பெண்மகவு பிறந்ததென்று முகம் வாடியபோது, ஆண்மகவினும் சிறந்த பெண்மகவு உண்டு என்று அவனைத் தேற்றினார். இவ்விரண்டு போதனைகளையும் சேர்த்துப் பார்த்தால், இளையவளாகவும் பெண்ணாகவும் உள்ள ஒருத்தியை இகழ்பவன் ததாகதரின் சொல்லை இருமுறை மீறியவனாகின்றான்.

மகாபிரஜாபதி கோதமியின் வரலாறும் ஈண்டு நினைக்கத்தக்கது. துறவு வேண்டிக் கேட்டு மறுக்கப்பட்ட அவர், தலைமயிரைக் களைந்து, காஷாயம் தரித்து, சாக்கியப் பெண்டிர் பலருடன் கபிலவாஸ்துவிலிருந்து வைசாலி வரை நடந்தார். கால்கள் வீங்கி, புழுதி படிந்து, கண்ணீருடன் வாயிலில் நின்றார். அனுமதி கிடைக்குமுன்னரே ஆடையைத் தரித்து நடந்த அந்நடையே ஒரு கிளர்ச்சிதான். ஆயின் வாயிலில் நின்றவர்களுக்காக உள்ளே சென்று பேச ஒருவர் வேண்டியிருந்தது. அவரே ஆனந்தர். மும்முறை மறுக்கப்பட்ட பின்னும் அவர் வாளாவிருக்கவில்லை. பெண்டிர் துறவு பூண்டால் அருகத நிலையை அடையவல்லரா என்று வினவினார். வல்லர் என்றார் பகவான். தகுதி உண்டென்று ஒப்புக்கொள்ளப்பட்டபின் கதவு திறந்தது. ஆனந்தர் கோதமிக்குப் பதிலாக நடக்கவில்லை. கோதமியைத் தன் புகழுக்குக் கருவியாக்கவுமில்லை. தனக்கு இருந்த இடத்தையும் நெருக்கத்தையும் அவர்களுக்காகப் பயன்படுத்தினார். பெரியோர் செய்யத்தக்க பணி இதுவே.

நம் சரித்திரத்திலும் இதற்குச் சான்றுண்டு. 1848-ல் பூனாவில் ஜோதிராவ் பூலேயுடன் பெண்கள் பாடசாலையைத் தொடங்கியபோது சாவித்திரிபாய்க்கு வயது பதினேழு. தெருவில் அவர்மேல் சாணமும் கல்லும் எறியப்பட்டன. மாற்றுச்சேலை ஒன்றைக் கையிற் கொண்டு அவர் நாள்தோறும் பள்ளிக்குச் சென்றார். அவர்களுடைய பாடசாலையிற் பயின்ற, மாங்கு வகுப்பைச் சேர்ந்த முக்தா சால்வே என்னும் பதினான்கு வயதுச் சிறுமி, 1855-ல் ஞானோதயா என்னும் பத்திரிகையில் மகார், மாங்கு மக்களின் துயரத்தைக் குறித்து ஒரு கட்டுரை எழுதினாள். வேதத்தைப் படிக்கும் உரிமை எங்களுக்கு இல்லையெனில் எங்கள் மதம் எது என்று அவள் கேட்டாள். அச்சிறுமி கேட்ட வினாவுக்கு, 101 ஆண்டுகள் கழித்து, 1956 அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியிலே இலட்சக்கணக்கானோர் ஒருங்கே விடையளித்தனர். அதே நாகபுரியில் 1942-ல் கூடிய தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டில், ஒரு சமூகத்தின் முன்னேற்றத்தைப் பெண்கள் அடைந்த முன்னேற்றத்தைக் கொண்டே தாம் அளப்பதாக பாபாசாகேப் கூறினார்.

நம் கடன்

அவ்வளவுகோலை இனி நம்மேல் வைத்துப் பார்ப்போம். நம் வீதிகளில் துப்பாக்கி பிடித்துப் பள்ளியை மூடுவார் இல்லை. 2009-ல் இயற்றப்பட்ட கட்டாயக் கல்விச் சட்டம் ஆறு வயது முதல் பதினான்கு வயது வரை இலவசக் கல்வியைப் பிள்ளையின் உரிமையாக்கிற்று. ஆயின் பதினான்கு வயதுக்குப் பின் அவள் படிப்பைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வீட்டுப் பெரியோரின் மனமே. தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, உயர்நிலைப் பள்ளி தொலைவில் உள்ளது, வரன் வந்துவிட்டது, அண்ணன் படிப்புக்கே பணம் போதவில்லை என்று மென்மையாகச் சொல்லப்படும் காரணங்களும், வன்மையாக இடப்பட்ட ஆணைகளைப் போலவே, அவள் கையிலுள்ள புத்தகத்தைக் கீழே வைக்கச் செய்கின்றன. இங்கே அவள் எதிர்த்துப் பேச வேண்டியது பகைவனை அன்று, அன்புடைய தந்தையை. அது இன்னும் கடினமானது.

நம் சங்கங்களின் நிலையையும் எண்ணுவோம். வைசாகப் பௌர்ணமியன்று பஞ்சசீலம் ஓதுவதற்கு ஒரு சிறுமியை மேடையேற்றுகிறோம், கைதட்டுகிறோம். சங்கத்தின் வரவுசெலவுக் கணக்கை வாசித்து வினவும் இடத்தில் அவளை அமர்த்துகிறோமா? தம்மபதத்தை அவள் மனப்பாடமாகச் சொன்னால் மகிழ்கிறோம். அதன் பொருளை வினவி நம்மோடு வாதித்தால் பொறுக்கிறோமா? நம் விகாரையின் நூலறைத் திறவுகோல் யாரிடம் உள்ளது? நம் சங்க உறுப்பினர் இல்லங்களில் பள்ளியிறுதிக்குப் பின் படிப்பை நிறுத்திய பெண்பிள்ளைகள் எத்தனை பேர், எக்காரணத்தால் என்று கேட்டறிந்து எழுதிவைத்த சங்கம் எது? இவ்வினாக்களுக்கு ஒவ்வொரு சங்கத்தாரும் தம் கூட்டத்திலே விடை காண்பார்களாக. அப்பட்டியலைத் தயாரிப்பதும், அதிலுள்ள ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பெரியவர் பொறுப்பேற்பதும், அவள் வீட்டுப் பெற்றோரிடம் ஆனந்தரைப் போல மும்முறையும் சென்று பேசுவதும், பரிசளிப்பு விழாக்களைவிடப் பயனுடையவை.

ஜஹானாபாத்துப் பாறையிலே சிதைக்கப்பட்ட பகவானுடைய முகத்தை இத்தாலிய அறிஞர்கள் பல்லாண்டு உழைத்து 2016-ல் ஒருவாறு செப்பனிட்டு முடித்தனர். கல் முகத்தைச் செப்பனிட அந்நியர் வந்தது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் கற்கும் உரிமையை இழந்த ஒரு பிள்ளையின் ஆண்டுகளைப் பின்னர் எவரும் செப்பனிட்டுத் தர இயலாது. ஆதலின் நம் பெண்மக்கள் போராட எழுவதற்கு முன்னரே நாம் எழுவோமாக. அவர்கள் எழுந்துவிட்டாராயின், அவர்களுக்கு அருகே நிற்போமாக.

எல்லாப் பிள்ளைகளும் அச்சமின்றிக் கற்பார்களாக. எல்லா உயிர்களும் நலமுற்றிருக்குமாக.